தெருவுக்குத் தாங்கும் பாட்டு

கிறிஸ்துமஸ் பாட்டுகளில் எனக்கு ஆகாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சீரியல் செட் விளக்கிலிருந்து சுருதி பிசகிக் கீச்சிடும் 'ஜிங்கிள் பெல்ஸ்' ஒன்று. குற்றம் பாட்டின் மேல் இல்லை. ஜேம்ஸ் லார்ட் பியர்பான்ட் எழுதி 1857ல் பாஸ்டனில் அச்சான அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சே கிடையாது. பெண்ணைப் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் இளவட்டத்தின் உல்லாசம் அது. ஆறு மணிக்கு சுவிட்சைப் போட்டதிலிருந்து படுக்கிறவரை அதே நாலு வரியைக் கத்தும் அந்தச் சில்லுதான் என் எதிரி. அடுத்தது, கீபோர்டில் 'ஸ்டிரிங்ஸ்' வைத்து ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துப் பாடும் 'சைலன்ட் நைட்'. மெழுகுவர்த்தி ஆராதனையில் அது மூன்றாவது சரணத்துக்கு வருவதற்குள் எங்கள் பாடகர் குழுவில் பாஸ் என்ற அடிக்குரல் வரிசையில் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

அந்தப் பாட்டு அப்படிப் பிறக்கவில்லை என்பதுதான் என் வழக்கு. ஓபர்ன்டார்ஃப், சால்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் ஆற்றுப் படகுக்காரர்கள் வாழ்ந்த ஊர். 1818 டிசம்பர் 24 அன்று அங்கே உதவிக் குரு யோசேப் மோர் கிதாரை வாசித்துக்கொண்டே மேல்குரல் பாட, பக்கத்து ஊர் வாத்தியார் ஃபிரான்ஸ் சேவர் குரூபர் பாஸ் பாடினார். மெட்டுப் போட்டவர் பாஸ்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஜாதி அபிமானம் உண்டு. தாலாட்டுதான், ஆனால் தொட்டில் ஆடுகிற தாலாட்டு. சில்லர்டால் பள்ளத்தாக்கின் ஸ்டிராஸர் குடும்பத்தார் 1830களின் தொடக்கத்தில் கையுறை விற்க லைப்சிக் சந்தைக்குப் போனபோது, இதையும் பாடிக் கூட்டம் சேர்த்தார்கள். சந்தை இரைச்சலில் இழுத்துக்கொண்டிருந்தால் யார் நின்று கேட்பார்கள்? அதன் பிறகு பாட்டு உலகம் சுற்றியது, ஆளை மறந்துவிட்டார்கள். 1854ல் பெர்லினிலிருந்து, இது மிக்கேல் ஹைடன் இயற்றியதா என்று விசாரித்தபோது, அறுபத்தேழு வயது குரூபர் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எனக்கு உயிரான பாட்டும் அதே லைப்சிக் சந்தைவெளியில்தான் பிறந்தது. 'ஹார்க் த ஹெரால்ட்' மெட்டைச் சொல்கிறேன். 1840ல் குட்டன்பர்க்கின் அச்சுக்கலைக்கு நானூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, திறந்த வெளியில் ஆண்குரல்களும் இரண்டு பித்தளை வாத்தியக் குழுக்களும் சேர்ந்து முழங்குவதற்காக மெண்டல்சன் அமைத்தது அது. இங்கிலாந்துக்கு ஏற்ற வார்த்தைகளைத் தேடலாமா என்று பேச்சு வந்தபோது, 1843ல் பதிப்பாளருக்கு அவர் எழுதிய பதில் கறாரானது: பட்டாளத்து மிடுக்குள்ள விஷயமாகப் பாருங்கள், பக்தி வார்த்தைகள் மட்டும் இதற்குப் பொருந்தாது. வார்த்தைகளின் கதையும் சுமுகமில்லை. சார்லஸ் வெஸ்லி 1739ல் வெளியிட்டதன் முதல் அடியையே 1753ல் ஜார்ஜ் வைட்ஃபீல்டு மாற்றினார். தங்கள் பாட்டுகளில் பிறர் கைவைப்பதைப் பற்றி அண்ணன் ஜான் வெஸ்லி பின்னாளில் அச்சிலேயே கடிந்துகொண்டார். மெட்டையும் வார்த்தைகளையும் 1855ல் சேர்த்துவைத்தவர் வில்லியம் கம்மிங்ஸ் என்ற இளம் ஆர்கன் வாசிப்பாளர். பெரியவர் ஒப்பாத சம்பந்தம், ஆனாலும் எப்படி வாழ்ந்திருக்கிறது பாருங்கள்! அதன் பாஸ் வரியைப் பாடிப் பார்த்தவனுக்குத் தெரியும், கால் தானாக நடைபோடும். கடைசிச் சரணத்தில் டேவிட் வில்காக்ஸ் எழுதிய டெஸ்கன்ட்டை, அதாவது மெட்டுக்கு மேலே பறக்கும் தனி வரியை, எங்கள் சொப்ரானோக்கள் எடுக்கும்போது, 1961ல் வந்த அந்த ஆக்ஸ்ஃபோர்டு புத்தகத்தின் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, கீழே நாங்கள் பித்தளை வாத்தியம்போலத் தாங்கிப் பிடிப்போம்.

இதே பாட்டைப் பாமாலை என்ற மொழிபெயர்ப்புப் பாட்டுப் புத்தகத்தின் தமிழில் பாடச் சொன்னால் எனக்குச் சுகப்படாது. தாளம் சொல்லின் நடுவில் விழும், குறில் நீளும், நெடில் நசுங்கும். மொழிபெயர்த்தவர்களின் பக்தியைக் குறை சொல்லவில்லை. அந்த மெட்டுகளுக்குத் தமிழின் மாத்திரைக் கணக்கு தெரியாது.

கீர்த்தனைக்குத் தெரியும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், சரபோஜி மன்னரைப் போலவே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். குறத்தி குறிசொல்லி ஆடிய வடிவத்தில் கிறிஸ்துவைப் பாடியவருக்கு, மேளதாளம் கோயிலுக்கு ஆகாது என்ற புது மிஷனரிகளோடு ஒத்துப்போக முடியவில்லை. 1829ல் அவர் எழுதிய முறையீட்டில் தமிழ்ப் பாட்டைக் கோயிலில் தடுத்ததும் ஒரு குறை. அதே முறையீட்டில், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரச் சொன்னதும் குறையாக வருகிறது. அந்த விஷயத்தில் நான் மிஷனரிகள் பக்கம். பாட்டு விஷயத்தில் சாஸ்திரியார் பக்கம். 1853ல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மதுரை மிஷன்காரர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியார் பாட்டுகள் ஏராளமாக இடம்பெற்றன.

இன்று பாளையங்கோட்டையில் டிசம்பர் ராத்திரிகளில் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பும்போது அவைதான் முன்னால் போகின்றன. முன்பு பெட்ரோமாக்ஸும் ஆர்மோனியமும், இப்போது டாட்டா ஏஸும் ரிதம் பேடும். பழைய கீர்த்தனைக்குப் பையன்கள் டிஸ்கோ தாளம் போடுகிறார்கள் என்று பெரியவர்கள் சிலர் ஐயரிடம் புகார் எழுதிக் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. தாளம் சொல்லை மிதிக்காதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கோன் ஸ்பீக்கரை மட்டும் என் ஜன்னலுக்கு நேராகத் திருப்ப வேண்டாம் என்று காணிக்கைக் கவரைக் கொடுக்கும்போது சொல்லி அனுப்புகிறேன். வாங்கிக்கொண்டு, "சரிங்க அண்ணாச்சி" என்கிறார்கள். அடுத்த வருஷமும் திருப்புகிறார்கள்.