நகர மன்றம் கூடும் நாள்



வீட்டுக்கு முன்னால் சாக்கடைக் கால்வாய் அடைத்துக்கொள்கிறது. குப்பை லோரி ஒரு வாரமாக வரவில்லை. தெரு விளக்கு எரியவில்லை. அப்பொழுதெல்லாம் நாம் சொல்வது ஒன்றுதான்: “கவுன்சில்காரர்கள் எங்கே கவனிக்கிறார்கள்!” அந்தக் கவுன்சில் எங்கே கூடுகிறது, எப்பொழுது கூடுகிறது, அங்கே யார் பேசுகிறார்கள், யார் முடிவு செய்கிறார்கள் என்று யாராவது திருப்பிக் கேட்டால் நம்மில் பெரும்பாலோரிடம் பதில் இல்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நகர மன்றம் என்பது நெடுங்காலம் தொலைவில் இருந்த ஒன்று. தோட்டம் தனியார் நிலம். லயமும் கம்பெனியுடையது, சாலையும் கம்பெனியுடையது, குழாய்த் தண்ணீரும் கம்பெனி விட்டால்தான் வரும். குறை சொல்ல வேண்டுமா? தண்டலிடம் சொல்ல வேண்டும். அவர் கிராணியிடம் சொல்வார். கிராணி துரையிடம் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடினோம் என்பது உண்மை. ஆனால் அது பெயர் கூப்பிடும் கூட்டம்; வாய் திறக்கும் கூட்டமன்று.

அவசரகாலத்தின்போது உருவான புதுக்கிராமங்களுக்கு 1952ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றங்களைக் கொடுத்தது. தோட்ட லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஆகவே சாலைக்கு அப்பாலிருந்த புதுக்கிராமத்துக்காரர் வாக்குச் சீட்டுப் போட்டுத் தம் மன்றத்தை அமைத்துக்கொண்ட நாட்களில், சாலைக்கு இப்பாலிருந்த நாம் துரையின் ஆபீஸ் வாசலிலேயே நின்றோம். இந்த வேறுபாட்டை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது எம் கருத்து.

சரி, நகரத்துக்குள் போவோம். பினாங்கின் ஜார்ஜ் டவுனை எடுத்துக்கொள்கிறோம். இந்நாட்டில் நகராட்சியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கதையில் தமிழர் இருவர் முக்கியமான இடத்தில் நிற்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜார்ஜ் டவுனில் வீட்டு வரி விதிப்பதற்கென ஒரு குழு இருந்தது. 1857இல் நகர ஆணையர் சிலரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஆனால் வாக்குரிமை வரி செலுத்துவோருக்கு மட்டுமே. கூலிக்கு உழைத்தவருக்கு அதில் பங்கில்லை. அந்தச் சிறிய தேர்தலும் 1913இல் நிறுத்தப்பட்டது. பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆளுநர் நியமித்தவர்களே நகரத்தை நடத்தினர்.

போருக்குப் பின் காற்று மாறியது. 1951 டிசம்பர் 1ஆம் நாள் ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 15 இடங்கள். அவற்றில் 9 இடங்கள் மக்கள் வாக்குக்கு விடப்பட்டன. மலாயாவின் பொதுத் தேர்தல் 1955இல்தான் நடந்தது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். நாட்டுக்கு முன்னால் நகரம் வாக்களித்தது! அடுத்த சில ஆண்டுகளில் 15 இடங்களும் தேர்தலுக்கு உரியவையாயின. 1957 ஜனவரி 1ஆம் நாள், சுதந்திரத்துக்கு எட்டு மாதம் முன்னதாக, ஜார்ஜ் டவுன் மாநகரம் என்ற தகுதியைப் பெற்றது. அதன் முதல் மேயராக உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த தமிழர் அவர். 1961 வரை அப்பதவியில் இருந்தார்.

அந்த நாற்காலியில் ஒரு தமிழர் அமர்ந்திருந்த அதே காலத்தில், நகரத்தின் தெருக்களைக் கூட்டியவர்களிலும், கால்வாய் வெட்டியவர்களிலும், சாலைக்குத் தார் ஊற்றியவர்களிலும் ஏராளமானோர் தமிழரே. மன்றத்தில் ஒரு வரியில் நிறைவேறும் தீர்மானம், மறுநாள் காலையில் நம்மவர் கையில் மண்வெட்டியாக மாறியது.

இனி, மன்றக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இது ஒன்றும் புரியாத வித்தையன்று. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிய நாள்முதல் நம் தோட்டங்களில் கிளைக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. கோயில் ஆண்டுக் கூட்டத்தில் உட்காராதவர் நம்மில் உண்டா? அங்கே நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. கொஞ்சம் கட்டுப்பாடு கூடுதல், சத்தம் குறைவு.

கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்கு அழைப்பும் நிகழ்ச்சி நிரலும் போகும். போதிய உறுப்பினர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். தலைமை தாங்குபவர் மாநகரமாயின் மேயர். நகராண்மைக் கழகமாயின் தலைவர். முதலில் சென்ற கூட்டத்தின் குறிப்பு ஏற்கப்பட வேண்டும். இதைச் சடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. சென்ற மாதம் “இந்தச் சாலைக்கு விளக்குப் போடுவோம்” என்று முடிவு செய்திருந்தால், அது குறிப்பில் இருந்தால்தான் இந்த மாதம் “ஏன் போடவில்லை?” என்று கேட்க முடியும். குறிப்பில் ஏறாத வாக்குறுதி காற்றோடு போனதுதான்.

அதன்பின் குழுக்களின் அறிக்கைகள் வரும். நிதி, உரிமம், பொதுப்பணி, சுகாதாரம் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டு சிறு குழுக்கள் தனியே கூடியிருக்கும். அவை செய்த பரிந்துரைகளை முழு மன்றம் ஏற்கலாம், மாற்றலாம், திருப்பி அனுப்பலாம். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மைப்படி முடிவு. இருபக்கமும் சமமாக நின்றால் தலைமை தாங்குபவரின் வாக்கு முடிவு செய்யும். ஓர் உறுப்பினருக்கோ அவருடைய கூட்டாளிக்கோ ஆதாயம் தரும் விஷயம் வந்தால் அவர் அந்த விவாதத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்பதும் விதி. தம்பிக்குக் குத்தகை கொடுக்க அண்ணன் கை தூக்கக் கூடாது!

கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது என்பதும் சிறிய விஷயமன்று. ஆங்கிலேயர் ஏற்படுத்திய மன்றங்களில் ஆங்கிலமே கோலோச்சியது. பார்வையாளர் இருக்கையில் ஒரு தொழிலாளி வந்து உட்கார்ந்தாலும் அவருக்கு என்ன விளங்கும்? இந்தக் கேள்விக்கு அண்டையிலிருந்த சிங்கப்பூர் ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. அங்கே 1957 டிசம்பரில் மாநகர மன்றத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்து, மக்கள் செயல் கட்சியின் ஓங் எங் குவான் மேயரானார். அதிகாரச் சின்னமாக மன்றத்தில் வைக்கப்பட்டிருந்த செங்கோலை அவர் அகற்றினார். ஆங்கிலத்தோடு மலாய், சீனம், தமிழ் மொழிகளுக்கும் மன்றத்தில் இடம் கிடைத்தது. ஆரவாரம் மிகுந்த கூட்டங்கள் அவை. அவற்றைக் குறை கூறியோரும் பலர். எனினும் தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் நகர மன்றத்தின் உள்ளே நடப்பதைத் தம் காதால் கேட்டு அறியலாம் என்ற நிலையை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1959க்குப் பின் அம்மன்றத்தின் பணிகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டன.

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். 1965 மார்ச் மாதம் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணமாகக் காட்டினர். மோதல் 1966இல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. அதே 1966இல் ஜார்ஜ் டவுன் மாநகர மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. முறைகேடுகள் நடந்தன என்று சில மன்றங்கள் மீது குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன.

இங்கேதான் நாம் சொன்ன இரண்டாவது தமிழர் வருகிறார். மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய 1965இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் அத்தி நாகப்பன். வழக்கறிஞர், மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவர்களில் ஒருவர். குற்றச்சாட்டுகளைக் கேட்ட ஓர் ஆணையம், “இந்தத் தேர்தலே வேண்டாம், மூடிவிடுங்கள்” என்று எழுதியிருந்தால் ஆட்சியிலிருந்தோர் பலர் மகிழ்ந்திருப்பர். அத்தி நாகப்பன் ஆணையம் அப்படி எழுதவில்லை. குறைகளை ஒளிக்கவுமில்லை. மன்றங்களைச் சீரமைக்க வேண்டும், ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே அவற்றில் அமர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆளுங்கூட்டணிக் கட்சி ஒன்றைச் சேர்ந்தவர் தலைமையில் இப்படியோர் அறிக்கை வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அறிக்கை 1968 இறுதியில் முடிவுற்றது; 1971இல்தான் வெளியிடப்பட்டது. தேர்தல் பற்றிய பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை.

1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் கதையை முடித்து வைத்தது. ஊராட்சித் தேர்தல் பற்றிய விதிகள் யாவும் செயலற்றுப் போகும் என்று அதன் 15ஆம் பிரிவு கூறுகிறது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும். எண்ணிக்கை எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் இருக்கும். 2012இல் பினாங்கு சட்டமன்றம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. அப்படிச் செய்ய மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் பினாங்குத் தீவுக்கு மாநகரத் தகுதி கிடைத்தது; மேயர் வந்தார், ஆனால் வாக்குப் பெட்டி வரவில்லை. கோலாலம்பூரில் நிலைமை இன்னும் வேறு. 1961இலிருந்து அங்கே உறுப்பினர் மன்றமே இல்லை. டத்தோ பண்டாரும் ஓர் ஆலோசனை வாரியமும்தான்.

ஆனால் அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நம்மில் மிகச் சிலரே அதைக் கேள்விப்பட்டிருப்போம். ஊராட்சி மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது அது. மன்றம் தானே தீர்மானம் போட்டு வேறு விதமாக முடிவு செய்தாலன்றிக் கதவைச் சாத்த முடியாது. தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று. பார்க்கும் உரிமை எஞ்சி நிற்கிறது.

இன்று தோட்டங்கள் விற்கப்பட்டு, வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய பின், நம் குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. அங்காடிக் கடை வைக்க உரிமம், கோயிலுக்குக் கட்டட அனுமதி, இடுகாட்டுக்கு வழி, பிள்ளைகள் விளையாட ஒரு திடல் என்று எதைத் தொட்டாலும் மன்றத்தில் வந்து நிற்கிறது. துரை போய்விட்டார், அவர் இடத்தில் இப்பொழுது நிகழ்ச்சி நிரல் இருக்கிறது.

முழு மன்றக் கூட்டத்தை மலாயில் ‘மெஸ்யுவாராட் பெனு’ என்பார்கள். பெரும்பாலும் மாதம் ஒரு முறை நடக்கும். மன்ற அலுவலகத்தில் தேதியைக் கேட்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து கேட்கலாம்; எழுந்து பேச முடியாது. அப்படியானால் போய் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். நம் வட்டாரத்துக்கான உறுப்பினர் வாய் திறக்கிறாரா, கையை மட்டும் தூக்குகிறாரா என்பது அங்கே உட்கார்ந்தவருக்குத் தெரிந்துவிடும். பின்வரிசையில் பத்துப் பேர் வந்து அமர்ந்திருக்கும் நாளில் உறுப்பினர்களும் தம் தாள்களைப் படித்துவிட்டு வருவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். கதவு திறந்திருப்பது முழு மன்றத்துக்குத்தான். குழுக் கூட்டங்களுக்கு அந்த விதி பொருந்தாது. குழுவே விரும்பினாலன்றி அவை மூடிய அறையில் நடக்கும். முக்கியமான பல விஷயங்கள் அங்கேயே முக்கால்வாசி முடிந்துவிடுகின்றன. ஆகையால் கால்வாயைப் பற்றி மனு எழுதுகிறவர்கள் முழு மன்றம் கூடும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். பொதுப்பணிக் குழு எந்தத் தேதியில் கூடுகிறது என்று விசாரித்து, அதற்கு முன்பாகவே வட்டார உறுப்பினர் கையில் மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.