கலைந்து செல்லலும் கலைத்தலும்: கூட்டத்திற்கு இடப்படும் ஆணையின் மொழி வரலாறு

அநீதியை எதிர்த்துப் பொதுவிடத்தில் கூடும் மக்களின் உயிர்ப் பாதுகாப்பு பல வேளைகளில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சார்ந்து நிற்கிறது. ‘கலைந்து செல்லுங்கள்’ என்பதே அவ்வாக்கியம். அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதைச் சட்ட நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அது கேட்டதா, எம்மொழியில் கேட்டது, கேட்டபின் விலகிச் செல்ல எவ்வளவு நேரம் கிடைத்தது என்னும் வினாக்களோ மொழியியலின் எல்லைக்குள் வருவன. இந்தியச் சட்ட வரலாற்றில் அவ்வினாக்கள் பெற்ற விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கிலத்தில் இவ்வாணைக்குரிய வினை இரு பயன்பாடு உடையது. கூட்டம் தானே பிரிந்து போவதற்கும், பிறர் அதைப் பிரித்து விரட்டுவதற்கும் அங்கே ஒரே சொல்தான். தமிழில் அவ்வாறன்று. ‘கலைதல்’ தன்வினை, ‘கலைத்தல்’ பிறவினை. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்தையோ, பொது அமைதியைக் குலைக்கக்கூடிய ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூட்டத்தையோ கலைந்து செல்லுமாறு ஆணையிட மாஜிஸ்திரேட்டுக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் அதிகாரம் அளித்தது. கலையாத கூட்டத்தை வன்மையால் கலைக்க 128ஆம் பிரிவு இடங்கொடுத்தது. ஆங்கில மூலத்தில் ஒரே சொல் இரு பிரிவுகளிலும் வருவதால் இடையிலுள்ள மாற்றம் கண்ணுக்குப் படுவதில்லை. தமிழாக்கம் செய்பவர் அதைக் காட்டாமல் இருக்க முடியாது. தன்வினை பிறவினையாக மாறும் அந்த இடைவெளியே கூடியிருப்போரின் பாதுகாப்புக்குரிய காலம்.

இங்கிலாந்தில் 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டம் அவ்விடைவெளியை ஒரு மணி நேரம் என்று அளந்து கொடுத்தது. பன்னிருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடியிருந்தால் குறிப்பிட்ட வாசகத்தை உரத்துப் படிக்க வேண்டும். அரசரை வாழ்த்தும் தொடருடன் முடிக்க வேண்டும். 1830இல் ஒரு வழக்கில் அவ்வாழ்த்துத் தொடர் விடுபட்டது என்பதற்காகவே அறிவிப்பு செல்லாதது என்று முடிவாயிற்று. ஜே. எல். ஆஸ்டின் பேச்சுச் செயல்களுக்கு வகுத்த நிறைவு நிபந்தனைகளுக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இந்தியச் சட்டம் வாசகத்தையும் வகுக்கவில்லை, நேரத்தையும் வகுக்கவில்லை. மொழியைப் பற்றிப் பேசவே இல்லை. வாழ்த்துத் தொடர் போனது இழப்பன்று. ஒரு மணி நேரம் போனதுதான் இழப்பு.

இதனினும் கருதத்தக்கது 128ஆம் பிரிவின் ஒரு தொடர். ஆணை பெற்றும் கலையாத கூட்டத்தை மட்டுமின்றி, ஆணை பெறாமலேயே, கலைவதில்லை என்னும் உறுதியைத் தன் நடத்தையால் காட்டும் கூட்டத்தையும் வன்மையால் கலைக்கலாம் என்கிறது அது. அதாவது, கேட்கப்படாத வினாவிற்குக் கூட்டம் உடலால் விடை சொல்லிவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. அந்த விடையைப் படித்துப் பொருள் சொல்பவர் எதிரே நிற்கும் அதிகாரி. ஒருவர் பேசாதபோது அவர் பேசியதாகக் கொள்ளும் இவ்வுரிமையை வேறெந்த மொழிச் சூழலிலும் எளிதில் வழங்கிவிட மாட்டோம்.

இந்த இடைவெளி முற்றிலும் இல்லாது போனால் நேர்வது என்ன என்பதற்கு 1919 ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரஸ் சான்று. ரௌலட் சட்டத்திற்கும் தலைவர்கள் இருவர் நகரத்திலிருந்து அகற்றப்பட்டதற்கும் எதிராக நகரம் கொந்தளித்திருந்தது. அன்று காலை ஜெனரல் டயர் நகரத்தின் 19 இடங்களில் முரசறைந்து அறிவிப்பு ஒன்றைப் படிக்கச் செய்தார். உருதுவிலும் பஞ்சாபியிலும் அது எடுத்துரைக்கப்பட்டது. மொழித் தேர்வில் குறையில்லை; குறை பரப்பில் இருந்தது. நகரத்தின் பல பகுதிகளில் அது படிக்கப்படவே இல்லை என்பதை வரைபடத்தைக் கொண்டு ஹண்டர் குழு பின்னர் கண்டறிந்தது. பைசாகித் திருநாளுக்காக வெளியூர்களிலிருந்து வந்திருந்தோரும் பலர். அறிவிப்பின் வாசகமும் நோக்கத்தக்கது. நால்வர் கூடினாலும் அது சட்டவிரோதக் கூட்டமாகக் கருதப்பட்டுத் தேவையானால் ஆயுத பலத்தால் கலைக்கப்படும் என்றது அது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 141ஆம் பிரிவோ ஐவர் என்றது. எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தது ஒருபுறமிருக்க, வினை வடிவத்தைக் காண்க: ‘கலைக்கப்படும்’. பிறவினையின் செயப்பாட்டு வடிவம் அது.

மாலையில் ஜாலியன்வாலா பாகில் ‘கலைந்து செல்லுங்கள்’ என்னும் தன்வினை ஒருமுறையும் ஒலிக்கவில்லை. வந்து சேர்ந்த அரை நிமிடத்திற்குள் சுடத் தொடங்கியதாக டயரே சாட்சியம் அளித்தார். சுமார் பத்து நிமிடங்களில் 1,650 குண்டுகள் சுடப்பட்டன. அரசு ஒப்புக்கொண்ட கணக்கின்படியே இறந்தோர் 379 பேர். காலையில் படித்த அறிவிப்பே மாலைக்கும் எச்சரிக்கையாகும் என்பது அவர் வாதம். 1920இல் வெளிவந்த அறிக்கையில் ஹண்டர் குழுவின் பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. கலைந்து செல்ல வாய்ப்பளிக்காமல் சுட்டதைத் தவறென்றனர். கலைந்து செல் என்னும் ஆணை, செல்வதற்கு வழி உண்டு என்பதை முன்கொள்கிறது. மதில் சூழ்ந்து, வாயில்கள் குறுகி, முதன்மை வாயிலில் படைவீரர் நின்ற அத்திடலில் அம்முன்கோளும் பொய்யாகவே இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு காந்தி இச்சிக்கலைக் கூட்டத்தின் பக்கத்திலிருந்து அணுகினார். 1920 ஆகஸ்டில் சென்னை மாகாணத்தில் சுற்றுப்பயணம் செய்த அவர், செப்டம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் மக்கள் திரளை நெறிப்படுத்தும் விதிகளை எழுதினார். பழக்கமில்லாத தொண்டர்களைப் பெருங்கூட்டங்களில் ஈடுபடுத்தலாகாது. தொண்டர்கள் அறிவுரை நூலைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் குவியாமல் கூட்டத்தினூடே பரவி நிற்க வேண்டும். முழக்கங்கள் வரையறுக்கப்பட்டு உரிய நேரத்தில் மட்டுமே எழ வேண்டும். வருவோர்க்கும் வண்டிகளுக்கும் வழி திறந்திருக்க வேண்டும். இவற்றுள் மொழியியலார்க்கு உரியது ஒன்று: குரல் எட்டாத இடத்தில் செய்தியைக் கடத்தக் கொடியாலும் ஊதலாலும் குறிப்புணர்த்தக் கற்க வேண்டும் என்பது. முரசறைந்த ஆணை எட்டாமற்போன ஊரை அடுத்து, கூட்டத்திற்கென ஒரு குறியீட்டு மொழி தேவை என்னும் எண்ணம் எழுத்தில் வந்தது. முழக்கங்களை வரையறுத்ததைக் கருத்துரிமைக்குப் பூட்டு என்று சிலர் கொள்ளலாம். இரைச்சலில் எச்சரிக்கை அமுங்கிவிடும் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

1924 மார்ச் 30இல் தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகம் வேறொரு வழியைக் கண்டது. கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் தாழ்த்தப்பட்டோர் நடக்கத் தடை விதித்த பலகை வரை மூவர் மட்டுமே சென்றனர். முதல் நாள் சென்ற குஞ்ஞாப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். காவலர் சாதியைக் கேட்டுப் பணிக்கர் மட்டும் போகலாம் என்றனர். ஒருவர்க்கு உரிமையாகவும் இருவர்க்குத் தடையாகவும் பிளந்து வந்த அவ்வாணையை மூவரும் ஒன்றாகவே ஏற்க மறுத்துக் கைதாயினர். நாள், இடம், ஆள் மூன்றும் முன்னரே தெரிந்திருந்தமையால் தவறாகப் பொருள்கொள்ள அங்கு இடம் குறைவு. எனினும் இது முழுப் பாதுகாப்பு அளித்ததாகக் கருதலாகாது, தொண்டர்கள் அடியுண்டனர், கண்ணில் சுண்ணாம்பு பூசப்பட்டுப் பார்வை இழந்தவரும் உண்டு.

அண்மைக் காலத்து நிகழ்வு ஒன்று ஆணையைக் கேட்கும் நிலை பற்றியது. 2011 ஜூன் 4ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், தில்லி ராம்லீலா திடலில் கறுப்புப் பணத்திற்கு எதிராக ராம்தேவ் தலைமையில் கூடி உறங்கிக்கொண்டிருந்தோரைக் காவல் துறை வெளியேற்றியது. தமிழில் தூக்கத்திற்கும் கூட்டத்திற்கும் ‘கலைதல்’ பொதுவாக இருப்பதை இங்கு நினைக்கலாம். உறங்குபவர் ஆணையைப் பெறுபவர் ஆகார். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்து 2012 பிப்ரவரி 23இல் அளித்த தீர்ப்பில், உறக்கத்தை வாழ்வுரிமையின் பகுதியாகக் கொண்டது. நள்ளிரவில் அவ்வளவு விரைவு காட்டத் தேவை இருக்கவில்லை என்றது. இழப்பீட்டில் கால் பங்கை ஏற்பாட்டாளரின் அறக்கட்டளையும் தர வேண்டும் என்று விதித்தது, கூட்டத்திடம் பேச வேண்டிய கடமை மேடையில் நிற்பவருக்கும் உண்டு என்பதைக் காட்டுகிறது.

தண்டனைச் சட்டம் இவ்வகையில் நடைமுறைச் சட்டத்தினும் கவனமுடையது. கலைந்து செல்ல ஆணையிடப்பட்டதை அறிந்தும் கூட்டத்தில் தொடர்பவரையே அதன் 145ஆம் பிரிவு தண்டித்தது. ‘அறிந்தும்’ என்னும் சொல் ஆணையின் ஒலியைக் கேட்போரின் செவிவரை கொண்டு செல்கிறது. தமிழாக்கங்களில் இது ‘ஆணையிட்ட பின்னரும்’ என்று தளர்ந்துவிட்டால் குற்றத்தின் எல்லையே விரிந்துவிடும். செய்தித் தமிழில் வழங்கும் ‘இலேசான தடியடி நடத்தப்பட்டது’ என்னும் தொடரும் இத்தகையதே. அதில் எழுவாய் இல்லை, ‘இலேசான’ என்னும் அளவோ தடியைப் பிடித்தவருடையது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 129ஆம் பிரிவாக இருந்த மேற்குறித்த விதி அதில் 148ஆம் பிரிவாக இடம்பெறுகிறது. ஆணை பெறாமலேயே நடத்தையால் உறுதி காட்டும் கூட்டம் பற்றிய தொடர் அதிலும் உண்டு. அறிவிப்பின் மொழியும், கலைந்து செல்வதற்குரிய நேரமும் அதிலும் குறிக்கப்படவில்லை.