13 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளிக்கூடம்

என் அக்கா மகள் ஐந்து வயதில் மஸ்கட் போனாள். அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் வாரம் ஒரே அழுகையாம். இரண்டாவது மாதம் போனில், "மாமா, இங்க எல்லாரும் நம்ம ஊர் பசங்கதான்" என்றாள். அக்காவுக்கு நிம்மதி. எனக்கு மட்டும் கொடைக்கானல் ஞாபகம் வந்தது.

ஏன் என்று சொல்கிறேன்.

இன்று நம்மவர்கள் வெளிநாடு போய்ப் படும் இந்தக் கவலையை, நம் ஊருக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களும் பட்டிருக்கிறார்கள். அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் பணி தொடங்கியது 1834-இல். வெயிலும் காலராவும் அவர்கள் குடும்பங்களில் பலரைக் கொண்டுபோயின. தப்பிக்க இடம் தேடி மலை ஏறியவர்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள்.

நோய்க்கு வழி கிடைத்தது. படிப்புக்கு? பள்ளி வயது வந்ததும் பிள்ளையைக் கப்பல் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்புவதுதான் பல குடும்பங்களின் வழக்கம். பெற்றோருக்கு ஊருக்குப் போக விடுமுறை கிடைப்பதோ பல வருடங்களுக்கு ஒருமுறை. ஏழு வயதில் அனுப்பிய பிள்ளையை மறுபடி பார்க்கும்போது அது வளர்ந்த ஆளாக நிற்கும். இந்தப் பிரிவைத் தாங்காமல்தான் 1901-இல் மலையிலேயே ஒரு பள்ளியைத் திறந்தார்கள். 'ஹைகிளர்க்' என்ற பழைய ஹோட்டல் கட்டடம். மார்கரெட் எடி என்ற அம்மையார் முதல் தலைமையாசிரியை. மாணவர்கள் 13 பேர்.

அப்போது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. இன்றைய கொடைரோடு நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து ஆட்கள் சுமக்கும் டோலியில் மேலே போக வேண்டும். கஷ்டம்தான். ஆனாலும் கடல் கடந்து போவதற்கு இது எவ்வளவோ மேல். கோடையில் பெற்றோரே மலைக்கு வந்து பிள்ளைகளோடு தங்கினார்கள். ஏரி, மலைப்பாதை, ஞாயிறு ஆராதனை, தங்களைப் போலவே இருக்கும் நண்பர்கள் என்று பிள்ளைகள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள்.

ஆனால் எதோடு ஒட்டினார்கள்? சமவெளியில் ஆயா கையில் வளர்ந்த இந்தப் பிள்ளைகள் பலர் மழலையிலேயே தமிழ் பேசியவர்கள். பள்ளியோ அமெரிக்கக் கல்லூரிக்குத் தயார் செய்யும் பள்ளி. பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். 1970-கள் வரை மாணவர்களில் பெரும்பாலோர் மிஷனரி பிள்ளைகளே. கேட்டுக்கு வெளியே தமிழ்நாடு இருந்தது. உள்ளே அவர்களுக்கென்று தனி உலகம்.

இந்த உலகத்துக்குப் பெயர் வைத்தவர் ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1950-களில் கணவர் ஜானோடு இந்தியாவுக்கு வந்து, இங்கே வேலை பார்த்த அமெரிக்கர்களை ஆராய்ந்தார். பெற்றோரின் நாடு முதல் பண்பாடு, வந்து தங்கிய நாடு இரண்டாவது. வெளிநாட்டவர்கள் தங்களுக்குள் உருவாக்கிக்கொள்ளும் நடுவாந்தர வாழ்க்கை மூன்றாவது. அதில் வளர்பவர்களை 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்றார். உலகமெங்கும் இன்று பேசப்படும் இந்தச் சொல்லுக்கு விதை விழுந்தது இந்தியாவில் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இப்படி வளர்ந்தவர்கள் பலர் பிறகு சொந்த நாடு திரும்பியபோது, அங்கேயும் தங்களை அந்நியராகவே உணர்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பெற்றோர்களை நான் குறை சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்பா அம்மா பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிய பண்பாடு எதுவும் இல்லை. பள்ளியும் அப்படியே நின்றுவிடவில்லை. இந்திய மாணவர்களுக்கும் பிற நாட்டவர்க்கும் கதவைத் திறந்தது. 1976-இல் இந்தியாவில் முதன்முதலாக ஐ.பி. பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று அதன் பெயர் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்.

பள்ளி தோழர்களைத் தரும், பாதுகாப்பைத் தரும். வந்த ஊரைத் தானாகத் தந்துவிடாது. அதைப் பெற்றோர்தான் கைபிடித்துக் காட்ட வேண்டும். கொடைக்கானல் கதையிலிருந்து நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

போன வாரம் அக்கா மகளிடம், "பக்கத்து வீட்டு ஓமன் பாப்பா பேர் என்ன?" என்று கேட்டேன். தெரியவில்லை. போய்க் கேட்டுவிட்டு வந்து சொல் என்றிருக்கிறேன்.