முறையீடும் நகராட்சியும்: இடைக்கால இலண்டன் வீதிகள் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மன்னரின் போர்களையும் உடன்படிக்கைகளையுமே விரித்துரைக்கின்றன. ஆயின், ஒரு நகரத்தில் வாழ்ந்த சாதாரண மனிதன் தன் வாயிலிலிருந்து சந்தை வரை ஊறின்றி நடந்து செல்ல முடிந்ததா என்பதும் வரலாற்றுக்குரிய வினாவே. அயலவனின் மலக்குழி, தலையில் இடிக்கும் தாழ்வாரம், விரைந்தோடும் வண்டி ஆகியவை பற்றி அவன் யாரிடம் முறையிட்டான்? அம்முறையீடு செவிமடுக்கப்பட்டதா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு இடைக்கால இலண்டனின் நகர ஏடுகள் பெரிதும் துணைபுரிகின்றன. அந்நகரில் முறையீட்டுக்கு இரு வாயில்கள் இருந்தன. அவ்விரண்டும் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருந்தனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது வாயில், தொல்லை விசாரணை மன்று ஆகும். இலண்டனின் முதல் நகர முதல்வரான ஹென்றி பிற்ஸ் எய்ல்வின் காலத்து விதிகள் இதற்கு அடிப்படையாயின. இவ்விதிகள் 1189 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்பது மரபு. அயல் வீடுகளுக்கிடையே எழுப்பப்படும் கற்சுவர் 3 அடி அகலமும் 16 அடி உயரமும் உடையதாதல் வேண்டும். கல்லாற் கட்டப்பட்ட மலக்குழி அயலவன் நிலத்திலிருந்து இரண்டரை அடியும், கல்லாற் கட்டப்படாதது மூன்றரை அடியும் விலகியிருத்தல் வேண்டும் என அவை விதித்தன. இம்மன்றின் ஏடுகளில் 1301 முதல் 1431 வரையிலான காலப்பகுதிக்குரியவை இன்றும் கிடைக்கின்றன.

இம்மன்றின் நடைமுறை குறிப்பிடத்தக்கது. முறையீடு கிடைத்ததும் நகர முதல்வரும் அல்டர்மன் எனப்பட்ட வட்டாரத் தலைவர்களும் பொதுவாக வெள்ளிக்கிழமைகளிற் கூடி, தொல்லை நிகழ்ந்த இடத்திற்கே நேரிற் சென்றனர். சத்தியஞ் செய்த கற்றச்சரும் மரத்தச்சரும் அளவுகளைக் கணித்து அறிவுரை கூறினர். குற்றம் மெய்ப்பிக்கப்படின், அதனை 40 நாட்களுக்குள் நீக்குமாறு தீர்ப்பளிக்கப்பட்டது. நாற்காலியிலிருந்து தீர்ப்புக் கூறாது, சேற்றில் நின்று கண்ணாற் கண்டு தீர்ப்புக் கூறிய இம்முறையே இம்மன்றின் தனிச்சிறப்பு எனலாம்.

சில வழக்குகளை ஈண்டு நோக்கலாம். 1314 இல் அலிஸ் வேட் என்னும் பெண், தன் மேல்மாடி மலகூடத்தை மரக்குழாய் மூலம் மழைநீர் ஓடும் வடிகானோடு இணைத்திருந்தாள். வடிகான் அடைபட்டுத் துர்நாற்றம் எழவே அயலவர் முறையிட்டனர். குழாயை 40 நாட்களுக்குள் அகற்றுமாறு தீர்ப்பாயிற்று. 1341 இல் விதவையொருத்தி, அயல் வீட்டுச் சாளரங்கள் வழியாகத் தன் வீட்டாரின் அந்தரங்கம் நோக்கப்படுகின்றது என முறையிட்டு, அவற்றை அடைக்குமாறு தீர்ப்புப் பெற்றாள். கணவனை இழந்த பெண் தன் பெயராலேயே வழக்காட முடிந்தமை கவனிக்கற்பாலது.

எல்லா வழக்குகளும் இத்துணை எளியன அல்ல. அதே நூற்றாண்டின் பிற்பகுதியிற் கவசத் தொழிலாளர் சிலரின் உலைக்களத்திற்கு எதிராக ஒரு தம்பதியர் முறையிட்டனர். சம்மட்டி அடியாற் சுவர்கள் அதிர்வதாகவும், நிலவறையிலுள்ள மதுவகைகள் கெடுவதாகவும், நிலக்கரிப் புகை வீட்டினுட் புகுவதாகவும் அவர்கள் கூறினர். எதிர்வாதிகளோ, கைவினைஞர் நகரின் எப்பகுதியிலும் தம் தொழிலைச் செய்தல் தொன்றுதொட்டு வந்த வழக்கு என வாதிட்டனர். ஒருவனின் உறக்கமும் மற்றொருவனின் பிழைப்பும் மோதிய இவ்வழக்கில், தொல்லை என்பதன் எல்லை யாது என்ற வினாவே எழுப்பப்பட்டது.

எனினும், இம்மன்றில் ஒரு பெருங் குறைபாடு காணப்பட்டது. சொத்துரிமை உடையோருக்கே அது பெரிதும் பயன்பட்டது. சுவர் உடையவன் சுவருக்காக வழக்காடினான். வீதியில் நடந்து செல்பவனுக்குச் சுவரும் இல்லை, சாளரமும் இல்லை. வீதி எல்லோருக்கும் உரியது. ஆதலால் அதற்காக வழக்காடத் தனியொருவன் முன்வருதல் அரிது. நகரத்தார் சார்பில் நகர அலுவலரே வழக்குத் தொடுத்த சந்தர்ப்பங்கள் உண்டெனினும், வழிப்போக்கனின் குறை பெரும்பாலும் இரண்டாவது வாயிலூடாகவே வெளிப்பட்டது.

அவ்வாயிலே வட்டாரக் கூட்டம் ஆகும். இலண்டன் 24 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1394 இல் ஒரு வட்டாரம் இரண்டாக்கப்பட்டமையால் அத்தொகை 25 ஆயிற்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் அல்டர்மன் முன்னிலையிற் குடிகள் கூடினர். அவர்களுள் தெரிவுசெய்யப்பட்ட யூரர்கள், பழுதடைந்த நடைபாதை, குவிந்த குப்பை, வீதியை நெருக்கும் படிக்கட்டு முதலியவற்றை உரியவரின் பெயரோடு அறிவித்தனர். தன் வாயிலின் முன்னுள்ள வீதித்தளத்தைப் பேணுதல் அவ்வவ் வீட்டுக்காரனின் கடமையாகும்.

இவர்கள் எவ்விதிகளைக் கொண்டு குற்றங் கண்டனர் என்பது, 1419 இல் நகர எழுத்தரான ஜோன் காப்பென்ரர் தொகுத்த ‘லீபர் அல்பஸ்’ என்னும் நூலால் விளங்கும். குதிரையேறிச் செல்வோரும் தடையின்றிச் செல்லுமாறு தாழ்வாரங்கள் 9 அடி உயரத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். மதுச்சாலைகளின் அடையாளக் கம்புகள் வீதியின் மேல் 7 அடிக்கு மேல் நீளுதல் கூடாது என 1375 இல் விதிக்கப்பட்டது. வெறும் வண்டியைச் சுமையேற்றிய வண்டியிலும் விரைவாக ஓட்டுதல் தடைசெய்யப்பட்டது. இக்கடைசி விதியின் தேவையை மரண விசாரணை ஏடுகள் உணர்த்துகின்றன. 1330களில் வெறும் வண்டிகள் விரைவாக ஓட்டப்பட்டபோது சக்கரங்கள் முறிந்து வண்டியொன்று பெண்ணொருத்தியின் மீது வீழ, அவள் அவ்விடத்திலேயே உயிர்நீத்தாள்.

1343 இல் தேம்ஸ் நதிக்குச் செல்லும் ஒழுங்கைகள் பற்றி ஒரு விசாரணை நடைபெற்றது. ஒழுங்கைகளுள் யாவை பொதுவழிகளாக இருந்தன, அவற்றை அடைத்தவர் யாவர் என யூரர்கள் சான்று பகர்ந்தனர். எப்கேற் ஒழுங்கையில் வீடுகளிலிருந்து நீட்டப்பட்ட மலகூடங்களின் கழிவு, நடந்து செல்வோரின் தலைகளின் மீது வீழ்கின்றது என அவர்கள் கூறியமை பதிவாகியுள்ளது. அவ்வழி முன்னர் அனைவருக்கும் பொதுவாயிருந்தது என்பதையும் அவர்கள் எடுத்துரைத்தனர். வெறுப்பூட்டும் ஒரு செய்தியாகத் தோன்றினும், நடப்பவனுக்கும் உரிமையுண்டு என்ற கருத்து இதனுட் பொதிந்துள்ளது.

ஆயினும், அறிவித்த குறைகள் யாவும் நீங்கின என்று கொள்வதற்கில்லை. 1421, 1422 ஆம் ஆண்டுகளின் வட்டார அறிக்கைகளில் லட்கேற் சிறைக்காவலன் வீதி வடிகானிற் கழிவைக் கொட்டி நீரோட்டத்தைத் தடுக்கின்றான் என்றும், அதனால் வழிச்செல்வோர் யாவரும் பெருந் தொல்லைக்குள்ளாகின்றனர் என்றும் கூறப்பட்டுள்ளது. நகரின் ஒழுங்கைக் காக்க வேண்டியவனே ஒழுங்கைக் குலைத்தவனானான். முன்னர் அறிவிக்கப்பட்ட குறைகள் மீண்டும் அறிவிக்கப்பட்டமைக்கும் ஏடுகளிற் சான்றுகள் உள.

தொல்லை என்னும் இச்சட்டக் கருத்து பிற்காலத்தில் ஆங்கில ஆட்சியோடு கடல் கடந்தது. இலங்கையில் 1862 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டமும், கொழும்பு, கண்டி ஆகிய நகரங்களில் 1865 இல் அமைக்கப்பட்ட மாநகர சபைகளும் இவ்வகையில் நினைவுகூரத்தக்கன.

முறையீடு செய்யும் உரிமை வேறு. பரிகாரம் பெறும் உரிமை வேறு. இலண்டன் நகரம் முன்னையதைப் பலருக்கும் அளித்தது. பின்னையதைச் சுவருடையவனுக்கே விரைந்து அளித்தது. அவனுடைய சுவருக்கு 40 நாட்களில் நீதி கிடைத்தது. வீதியில் நடந்தவனோ அடுத்த வட்டாரக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியவனானான்.