ஆமை முட்டையால் கிடைத்த தீவு

சிப்பாடானுக்கு முக்குளிக்க வருகிறவர்களிடம் படகில் நான் முதலில் சொல்வது ஆமை முட்டைக் கதையைத்தான். மீன் பெயர்களை அப்புறம் சொன்னால் போதும்.

மலேசியாவின் சபா மாநிலத்தில், செம்போர்ணா ஊருக்குத் தெற்கே, செலிபிஸ் கடலில் சுமார் 600 மீட்டர் ஆழத்திலிருந்து தனித்து எழுந்த சின்னத் தீவு அது. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அதற்கு இந்தோனேசியாவும் மலேசியாவும் உரிமை கொண்டாடின. வழக்கு ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம் வரை போய், 2002 டிசம்பர் 17இல் மலேசியா வென்றது. பழைய ஒப்பந்தம், சுல்தான்கள் வழி வந்த உரிமை என்ற வாதங்கள் எடுபடவில்லை. தீவை உண்மையில் நிர்வகித்தது யார் என்றுதான் நீதிபதிகள் பார்த்தார்கள்.

இன்றைய சபாவை அப்போது ஆண்ட பிரிட்டிஷ் வட போர்னியோ அரசு 1917இலேயே ஆமைப் பாதுகாப்புச் சட்டம் போட்டிருந்தது. டனவான் தீவுக்காரர்கள் சிப்பாடான் மணலில் முட்டை எடுப்பார்கள். அதில் சச்சரவு வந்தால் அரசு அதிகாரி தீர்த்துவைப்பார். அந்தச் சட்டப்படி 1954இல் கொடுத்த ஓர் உரிமத்தில் சிப்பாடானின் பெயரும் இருந்தது. 1933இல் தீவைப் பறவைச் சரணாலயமாக்கியிருந்தார்கள். 1960களில் கலங்கரை விளக்கமும் வந்தது. ஆக, எவ்வளவு எடுக்கலாம், யார் எடுக்கலாம் என்று எழுதிவைத்த காகிதம்தான் தீவை வாங்கித் தந்தது.

எங்கள் முக்குளிப்புத் தொழில் அந்தக் கணக்கில் வரவேயில்லை. தகராறு வெடித்தது 1969இல். அதற்குப் பிந்தியதை நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. நியாயம்தான். நாங்கள் அந்தத் தீவை ஆண்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. தின்றோம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1980களில் போர்னியோ டைவர்ஸ் என்ற முக்குளிப்பு நிறுவனம் அங்கே தங்குமிடம் போட்டது. 1989இல் கடல் ஆய்வாளர் ஜாக் குஸ்தோவின் ஆமைப் படம் வந்ததும் உலகமே புறப்பட்டு வந்தது. விடுதிகள் பெருகின. அவ்வளவு சின்ன மண்ணில் கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் இடையே எத்தனை தூரம் விட முடியும்? சாக்கடை போய்ச் சேரும் இடம் பவளப்பாறைதான். 2000 ஏப்ரல் 23இல் பிலிப்பைன்ஸின் அபு சயாஃப் ஆயுதக் குழு ஆட்கள் தீவிலிருந்து 21 பேரைக் கடத்திப் போனார்கள். அவர்களில் 11 பேர் விடுதி ஊழியர்கள். அதற்குப் பிறகும் கூட்டம் வந்தது.

2004 முடிவதற்குள் விடுதிகள் எல்லாம் வெளியேற வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. பிறகு வந்தது முக்குளிக்க பர்மிட்: அப்போது நாளுக்கு 120 பேர். இதில் ஒரு வேடிக்கை. 2006இல் கட்டுமானப் பொருள் ஏற்றிவந்த பார்ஜ் ஒன்று பவளத்தின் மேல் ஏறி நொறுக்கியது. எத்தனை வருடம் எத்தனை முக்குளிப்பாளர்கள் உதைத்தாலும் அந்தச் சேதம் வராது.

பர்மிட் வந்தபோது பல முக்குளிப்புக் கடைக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். எனக்கு அது வசதியாகவே போயிற்று. வருகிறவரை முதலில் பக்கத்துத் தீவான மாபுலில் இறக்கிப் பார்ப்பேன். துடுப்பால் மணலைக் கிளப்புகிறவரும் பவளத்தைப் பிடித்து நிற்கிறவரும் அடுத்த நாள் சிப்பாடான் படகில் ஏற மாட்டார்கள். பர்மிட்டே குறைவு என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

ஆனால் சிப்பாடானிலிருந்து இறக்கிய சுமை மாபுல் மேல்தான் ஏறியது. கடலோடிகளான பஜாவ் குடும்பங்கள் வாழும் தீவு அது. அங்கே இப்போது விடுதிகள், ஜெனரேட்டர்கள், அதே கழிப்பறைக் குழிகள். மாபுலுக்கும் இத்தனை பேர்தான் என்று ஓர் எண் வேண்டும் என்று தொழில்காரர்கள் கூடும்போது சொல்லிப் பார்த்தேன். “அண்ணே, உங்க கடையிலிருந்தே ஆரம்பிப்போமா?” என்றான் ஒரு தம்பி. ஆரம்பிக்கலாம் என்றேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.