இறங்கக் கற்பித்த பள்ளி

ஆகாய விமானம் தரையை நாடி இறங்கும்போது வேகங் குன்றினால், இறக்கைகள் அதனைத் தாங்கா. ஒரு பக்கஞ் சரிந்து, சுழன்று வீழும். முதலாம் உலக மகாயுத்தத்தில் போர்முனையைக் காணுமுன்னரே, பயிற்சிக் களத்தில் மாண்ட பிரித்தானிய இளைஞர் பலர். ‘அவ்வாபத்தை அணுகாதே’ என்பதே அன்றைய போதனை; அணுகிவிட்டவன் மீளும் வகையை முறையாகக் கற்பித்தார் அரியர்.

1914இல் பிரான்சில் விமானத்தோடு வீழ்ந்து கால் முறிந்தவர் றொபேட் ஸ்மித்-பாரி. அவர் 1917இல், இங்கிலாந்தின் கொஸ்போட் நகரில், மாணவனையே விமானியின் ஆசனத்தில் அமர்த்தினார். இரட்டைக் கட்டுப்பாடுடைய அவ்ரோ 504 விமானத்தை வேண்டுமென்றே உயரத்திற் சுழலவிட்டு மீட்கவும், குறுக்குக் காற்றில் இறக்கவும் பழக்கினார். துணிவன்று, தெளிவே அவர் வேண்டியது. இயந்திர இரைச்சலிடையே ஆசிரியர் குரலை மாணவன் செவிக்குக் கொணர்ந்த பேச்சுக் குழாய்க்கும் அவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று.