துப்பறியும் கதையும் துப்புக்கெட்ட சமுதாயமும்

ஓசூரில் ஆலை வேலை முடிந்து பேருந்தேறும் தோழன் ஒருவன் கையில் மர்ம நாவல் இருக்கிறதென்று கொள்வோம். ஆபத்திலே சிக்கிய அழகி ஒருத்தி தனியார் துப்பறிவாளனை நாடுகிறாள். கட்டணம் பேசுகிறாள். வழக்கு வளர்கிறது, காதலும் வளர்கிறது. பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு. அத்தியாயத்துக்கு அத்தியாயம் அபாயம்!

"ஆபாசம்! அடாத செயல்!" என்று ஒழுக்கக் காவலர் உறுமுகின்றனர். உறுமட்டும். நாம் கேட்பது வேறு. துப்பறிவாளனைத் தேடி வந்தவர் யார்? கூலி கொடுப்பவர் யார்? பெண்! தன் வாழ்வைப் பற்றிய உண்மையைத் தானே கேட்டறியும் பெண்! மலிவு விலை ஏடு அவளுக்கு வழங்கும் இந்த உரிமையை, மானம் பேசும் சமுதாயம் வழங்கியதுண்டா? வரலாற்றைப் புரட்டுவோம்.

பாரிசில் விடோக் என்பார் 1833இல் தனியார் துப்பறியும் நிலையம் கண்டார். அமெரிக்காவில் பிங்கர்ட்டன் நிலையத்திலே 1856இல் கேட் வார்ன் என்ற பெண்ணே துப்பறிவாளராகச் சேர்ந்தார். தமிழிலோ, 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வெளிவந்தது. துப்பறியும் கோவிந்தன் நம்மவர்க்கு அறிமுகமானான்.

மேனாட்டுக் கதைகள் பலவற்றிலே களவு போனது வைரம். காணாமற் போனது பத்திரம். தமிழ்க் கதையிலே மர்மத்தின் முடிச்சு எங்கே விழுந்தது? தாலியில்! இளம்பெண்மீது முதியவரின் ஆசை; அவள் விரும்பியவன்மீது கொலைப்பழி. பெண்ணின் மணவயதை 14 என்று வரையறுத்த சாரதா சட்டம் நிறைவேறியது 1929இல். அதற்கு 21 ஆண்டுகள் முன்னரே, மணவறையே குற்றக்களம் என்பதைக் கடையில் விற்ற கதை காட்டிவிட்டது. அதே ஆசிரியரின் 'சந்திரகாந்தா' மடத்தின் மர்மங்களை அம்பலமாக்கிற்று; 1936இல் திரைப்படமாகவும் வந்தது. வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியார் 1950இல் திரையேறினார். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார்.

ஆயினும் குறை ஒன்றுண்டு. ஆண்கள் காப்பாற்றினார்கள், பெண் காப்பாற்றப்பட்டாள். பெரும்பாலும் வழக்கின் பொருளாக இருந்தாளேயன்றி வழக்கைக் கொண்டுவருபவளாக இல்லை.

1980களில் பெருகிய மாத நாவல்களிலே காட்சி மாறிற்று. சுபாவின் நரேந்திரனுடன் வைஜயந்தியும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துடன் சுசீலாவும் துப்பறியப் புறப்பட்டனர். சுசீலாவின் பனியனில் எழுதிய குறும்பு வாசகங்களைப் படிக்கவே வாசகர் காத்திருந்தனர். காதலும் கிண்டலும் கலந்த அந்த எழுத்தை மறவாதீர்கள். பனியன் எழுத்து மீண்டும் வருகிறது, ஆனால் சிரிப்பதற்கன்று.

2018 நவம்பர். கருநாடகத்தின் மண்டியா மாவட்டத்திலே, சிவனசமுத்திரம் பக்கம், காவிரியில் ஓர் ஆணுடலும் ஒரு பெண்ணுடலும் மிதந்தன. அடையாளம் தெரியவில்லை. துப்புக் கொடுத்தது எது? இறந்த இளைஞனின் பனியன்! அதில் அம்பேத்கர் உருவமும், 'ஜெய்பீம்' என்ற சொல்லும், ஓசூர்ப் பக்கத்துச் சிற்றூரின் பெயரும் இருந்தன. அவன் ஒடுக்கப்பட்ட சாதி. அவள் வேறு சாதி. அவ்வாண்டுதான் மணம் புரிந்து ஓசூரில் குடியிருந்தனர். கைதானவர்கள் பெண்ணின் உறவினர்!

எல்லை தாண்டி உடலை எறிந்தால் உண்மை மறையும் என்று எண்ணினர் போலும். எழுத்து காட்டிக்கொடுத்தது. 2023 ஏப்ரலில் ஊத்தங்கரைப் பக்கம் மீண்டும் குருதி! பட்டியல் சாதிப் பெண்ணை மணந்த இளைஞனும், அவனுடைய பாட்டியும் வெட்டிக் கொல்லப்பட்டனர். கைதானவர் அவன் தந்தை.

முத்தத்தை ஆபாசம் என்போர், கொலையைக் கௌரவம் என்கின்றனர்! எது ஆபாசம், தோழர்களே?

1970களிலிருந்து ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பட்டறையில் ஒலிக்கின்றன. பொறிக்குச் சாதி தெரியாது. பக்கத்தில் நின்று உழைப்போர் பழகுகின்றனர், விரும்புகின்றனர். ஆலை இணைத்ததை அரிவாள் பிரிக்கிறது.

இன்று தனியார் துப்பறியும் நிலையங்களுக்கு வருவாய் தரும் வேலைகளில் முதன்மையானது, மணத்துக்கு முந்திய விசாரணை. பணம் கட்டுபவர் பெரும்பாலும் பெற்றோர். யாரோடு பேசினாள், எங்கே போனாள் என்று மகளின் நிழலைத் தொடர ஆள் வைக்கின்றனர். இத்தொழிலை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. நாவலிலே பெண் துப்பறிவாளனை அமர்த்துகிறாள். நாட்டிலே அவளுக்கு எதிராக அவன் அமர்த்தப்படுகிறான்!

சட்டம் இல்லாமல் இல்லை. புரோகிதமற்ற சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும் சட்டத்தை அண்ணாவின் அரசு 1967இல் நிறைவேற்றியது. வயது வந்த இருவர் மணக்க இசைந்தால் குடும்பத்தின் ஒப்புதலோ சாதியின் ஒப்புதலோ வேண்டியதில்லை என்று 2018 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கவும் ஆணையிட்டது. அந்தத் தீர்ப்பு வந்த எட்டாம் மாதத்திலேதான் காவிரியில் அந்த உடல்கள் மிதந்தன!

இளைஞர்களே! கதையைப் படியுங்கள், குற்றமில்லை. படித்து முடித்ததும் உங்கள் மாவட்டத் தனிப் பிரிவு எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, என்ன செய்கிறது என்று துப்பறியுங்கள். அஞ்சி வரும் காதலர்க்குத் துணை நின்று, பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்திடுங்கள். கொலைகாரன் யார் என்று அறியக் கடைசிப் பக்கம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவன் பெயர் நமக்கு முதற் பக்கத்திலேயே தெரியும்: சாதி!